திண்ணையில் வைத்த கூலி

புளியறையில் நாற்று நட வந்த பெண்களுக்கு ஒரு வீட்டில் கூலியைக் கையில் கொடுக்க மாட்டார்கள். திண்ணை விளிம்பில் வைப்பார்கள். வைத்த கை விலகிய பிறகுதான் எடுக்கிற கை நீளும். சிறுவனாக இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதில் யோசிக்க ஏதோ இருக்கிறது என்று அப்போது தோன்றவில்லை.

தோன்ற வைத்தவர் சுந்தர் சருக்கை. இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றுத் தத்துவத்துக்கு வந்தவர். மணிப்பாலில் தத்துவ மையத்தை உருவாக்கியவர். தீண்டாமை பற்றி 2009இல் அவர் எழுதிய கட்டுரை, இழிவின் இடத்தையே மாற்றி வைத்தது: தீண்டாமை குடியிருப்பது தொட மறுப்பவரின் உடலில். அதைப் படித்த பிறகுதான் விலகிய அந்தக் கை என் கண்ணில் பட்டது. மேற்கோள்களை மனப்பாடம் செய்யவைக்கும் நம் தத்துவ வகுப்புகள் எனக்கு இதைத் தந்ததில்லை. ஜனநாயகம், கொடை, குழந்தைகளின் கேள்வி என்று அவர் தொட்ட பொருள்கள் எல்லாவற்றிலும் ஒரு பழக்கம் உண்டு: தினசரி நடப்பைத் தத்துவத்துக்குச் சிறியது என்று அவர் ஒதுக்குவதில்லை.

ஆனால் எடுத்த கை? அது அவர் எழுத்தில் மங்கலாகவே இருக்கிறது. தோல், தொடுகை, தூய்மை என்று நுட்பமாகப் போகிறவர் நிலத்தையும் கூலியையும் போதுமான அளவு உள்ளே விடுவதில்லை. தொடாத கைக்கு வயல் இருந்தது; எடுத்த கைக்கு அன்றைக்கு அரிசி வேண்டியிருந்தது. புளியறை இருக்கும் செங்கோட்டை வட்டாரம் 1956 வரை திருவிதாங்கூரில் இருந்ததால் 1936ஆம் ஆண்டு ஆலயப் பிரவேசப் பிரகடனம் எங்களுக்கும் பொருந்தியது. எங்கள் ஊர் தட்சிணாமூர்த்தி சன்னதிக்கு எல்லாச் சாதியினரும் போக அரசாணை வழிவிட்டது. திண்ணை பல்லாண்டு அப்படியே கிடந்தது. மனத்தை மட்டும் ஆராய்ந்தால் இது விளங்காது.

இந்தக் குறையை, அரசியல் சிந்தனையாளர் கோபால் குருவோடு அவர் சேர்ந்து எழுதிய ‘விரிசல் கண்ணாடி’ ஓரளவு ஈடு செய்கிறது. 2012இல் ஆங்கிலத்தில் வந்த நூல் அது. தலித் அனுபவத்தைப் பிறர் கோட்பாடாக்குவது அறமா என்று குரு கேட்கிறார். சருக்கை அதோடு வாதிடுகிறார். எனக்குக் குருவின் பக்கமே வலுவாகப் படுகிறது. தன்னையே சங்கடப்படுத்தும் கேள்விக்குத் தன் நூலிலேயே இடம் விட்டதைச் சருக்கையின் பணியில் ஆகச் சிறந்ததாக மதிக்கிறேன்.

இப்போது கூலி கைப்பேசி வழியே போய்விடுகிறது. கையும் கையும் சந்திக்க வேண்டிய தேவையே இல்லை. விலகல் ஒழிந்ததா, ஒளிந்துகொண்டதா? சருக்கை இதை எழுதினால் ஆவலோடு படிப்பேன். நாற்று நட்ட அந்தப் பெண்களின் பேத்தி ஒருத்தி எழுதினால், அதைத்தான் முதலில் எடுப்பேன்.