ஜூன் 24: நாட்காட்டி காட்டுவதும் மறைப்பதும்

ஆண்டுதோறும் ஜூன் 24ஆம் நாள் வந்துவிட்டால், தமிழர் வாழும் இடங்களிலெல்லாம் ஒரே செய்தி பேசப்படுகிறது. 1927ஆம் ஆண்டு அந்நாளில் காரைக்குடியை அடுத்த சிறுகூடற்பட்டியில் முத்தையா என்னும் குழந்தை பிறந்தது. பின்னாளில் அக்குழந்தையே கவியரசு கண்ணதாசன் ஆயிற்று. சரியாக ஓராண்டு கழித்து, 1928ஆம் ஆண்டு அதே நாளில், பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் மெல்லிசை மன்னர் எம். எஸ். விசுவநாதன் பிறந்தார். சொல்லுக்கு ஒருவர், இசைக்கு ஒருவர். இருவருக்கும் பிறந்தநாள் ஒன்று. வானொலி இதனைச் சொல்லி மகிழ்கிறது. நம் போன்ற சங்கங்களும் அந்நாளை ஒட்டி ஓர் இன்னிசை மாலை நடத்தி, பழம்பாடல்களைக் கேட்டு, சுண்டலும் காப்பியும் உண்டு வீடு திரும்புகின்றன.

கோப்புகளுக்கிடையே வாழ்நாளைக் கழிக்கும் எழுத்தர் நாம். பிறந்த தேதியின் அருமை நமக்கு நன்கு தெரியும். பணிப் பதிவேட்டில் அது பிழையாக ஏறிவிட்டால் ஓய்வூதியம் வரையில் தொல்லை தொடரும். ஆயினும், பதிவேட்டின் தேதியைக் கொண்டு ஒரு மனிதரின் வேலையை அறிந்தவர் எவருமில்லை. ஜூன் 24 என்ற தேதியும் அத்தகையதே. அது ஓர் உண்மையைக் காட்டுகிறது. வேறு சில உண்மைகளை மறைக்கிறது. இரண்டையும் எடைபோடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதற்கொரு காரணமும் உண்டு. சங்கக் கூட்டம் ஒன்றில், இலக்கிய அமர்வில் திரைப்பாடலைப் பற்றி ஒரு கட்டுரை படிக்கலாமா என்னும் கேள்வி எழுந்தது. “அதற்குத்தான் இன்னிசை நிகழ்ச்சி இருக்கிறதே!” என்று பெரியவர் ஒருவர் கூறினார். அவையோர் நகைத்தனர், பேச்சு அத்துடன் முடிந்தது. அப்பெரியவர்பால் நமக்கு மதிப்புண்டு. எனினும் அவர் கூற்றை ஒப்புக்கொள்ள நம்மால் இயலவில்லை.

மெட்டுக்கு எழுதுதல் இழிவா?

திரைப்பாடலின் மீது சாற்றப்படும் முதற்குற்றம், அது மெட்டுக்கு எழுதப்படுகிறது என்பது. இசையமைப்பாளர் ஆர்மோனியத்தில் மெட்டை வாசித்துத் தத்தகாரம் சொல்ல, கவிஞர் அந்த அளவுக்குள் சொற்களை அடைக்கிறார்; இது தையற்காரர் வேலையேயன்றிக் கவிதை அன்று என்பர்.

இக்குற்றம் உண்மையானால், அது கண்ணதாசனோடு நில்லாது. அருணகிரிநாதரின் திருப்புகழில் சந்தம் முன்னே நடக்கச் சொல் பின்னே வரவில்லையா? அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்தை, அதன் நடையை நீக்கிவிட்டுப் படிக்க இயலுமா? பாரதியார் கண்ணன் பாட்டில் இராகமும் தாளமும் குறித்து வைத்தது எதற்காக? அளவுக்குள் அடங்குவது தமிழ்க் கவிதைக்குப் புதிதன்று. யாப்பு என்னும் சொல்லுக்கே கட்டுதல் என்பதுதான் பொருள். ஆகவே, கட்டு உண்டா என்று கேட்பது பயனற்றது. கட்டுக்குள் நின்ற சொல் உயிரோடு இருக்கிறதா என்பதே கேட்கத்தக்க கேள்வி.

மூன்று சான்றுகள்

பாசமலர் (1961) படத்தின் தாலாட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். நம் நாட்டுப்புறத் தாலாட்டுகளில் தாய்மாமனுக்குத் தனி இடம் உண்டு. மாமன் என்ன சீர் கொண்டுவருவான், எப்படி வருவான் என்று தாய் தன் குழந்தையிடம் அடுக்கிச் சொல்வாள். அம்மரபைக் கண்ணதாசன் அப்படியே எடுத்துக்கொண்டார். ஆனால் ஒன்றை மாற்றினார். மனத்தால் ஒன்றி, வாழ்வால் பிரிந்த அண்ணனும் தங்கையும் தத்தம் குழந்தையைத் தனித்தனியே தாலாட்டுகின்றனர். ஒருவர் பாடுவது மற்றவர் காதில் விழுவதில்லை. மெட்டு மட்டும் ஒன்றாக இருக்கிறது. டி. எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் மாறி மாறிப் பாடும்போது, சொல்லால் சொல்லப்படாத உறவை அந்த ஒரே மெட்டு சொல்லிவிடுகிறது. ஊரைவிட்டு வந்து, தாய்மாமன் ஆயிரம் கல் தொலைவில் இருக்க, இங்கே குழந்தை வளர்க்கும் நம் குடும்பங்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை.

அடுத்தது கர்ணன் (1964). போர்க்களத்தில் அம்பு தைத்துக் கிடக்கும் கர்ணனை நோக்கிக் கண்ணன் பாடும் பாடல் அது. வில்லிபுத்தூரார் பாரதத்தில் இக்கட்டத்தைப் படித்தவர்கள், கண்ணன் அந்தணனாய் வந்து கர்ணனின் புண்ணியத்தையெல்லாம் இரந்து பெறுவதை அறிவார்கள். கண்ணதாசன் அக்கண்ணனையே குற்றத்தை ஒப்புக்கொள்ளும் சாட்சியாக நிறுத்துகிறார். சொற்கள் மிக எளியவை; பள்ளிச் சிறுவனுக்கும் விளங்கும். அவற்றின்மேல் சக்கரவாக இராகம் படர்கிறது. சீர்காழி கோவிந்தராஜனின் குரல் ஓங்கி எழுகிறது. இதே சாயலை வடபுலத்தார் ஆகிர் பைரவ் என்பர். நம் அண்டை வீட்டு இந்திக்காரர் மொழி தெரியாமலே இப்பாடலில் உருகுவதன் காரணங்களுள் அதுவும் ஒன்று. சொல் எளிமையாக நின்றதனால்தான் இசைக்கு இடம் கிடைத்தது. தாளில் படித்து, “இதில் என்ன இருக்கிறது?” என்று கேட்பவர், கவிஞர் வேண்டுமென்றே விட்டுவைத்த அந்த இடத்தைக் காணாதவர்.

மூன்றாவது, அபூர்வ ராகங்கள் (1975) படத்தில் கே. ஜே. ஏசுதாஸ் பாடும் பாடல். நான்கே சுரங்களால் ஆன மகதி என்னும் அரிய இராகத்தில் விசுவநாதன் அதனை அமைத்தார். படத்தின் நாயகி பெயர் பைரவி. பாடலின் முடிவில் அப்பெயர் வரும் இடத்தில் இசையும் பைரவி இராகத்தைத் தொடுகிறது. பெயரும் இராகமும் ஒரே நொடியில் வெளிப்படும் இந்நயத்தைச் சிலேடை என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? பழம்புலவர் சொல்லுக்குள்ளேயே செய்த சிலேடை, இங்கே சொல்லுக்கும் சுரத்துக்கும் இடையே நிகழ்கிறது. இதனைக் கவிஞர் தனித்துச் செய்திருக்க முடியாது. இசையமைப்பாளரும் தனித்துச் செய்திருக்க முடியாது.

குறையும் கூறத்தான் வேண்டும். திரைத்தேவைக்காக விரைந்து எழுதப்பட்டவற்றில், நிலவும் மலரும் கயலும் மீண்டும் மீண்டும் வந்து மெட்டின் ஓட்டைகளை அடைக்கும் பாடல்களும் உண்டு. கண்ணதாசனும் அதற்கு விலக்கல்லர். அவற்றையெல்லாம் காவியம் என்று புகழ்வது நல்லவற்றுக்குச் செய்யும் தீங்கு. இலக்கியம் என்று ஏற்பதன் பொருள், அனைத்தையும் போற்றுவது அன்று. தரம் பிரித்து அறிவதே ஆகும். இன்னிசை மாலையில் கைதட்டல் மட்டும் கிடைக்கும். தரம் பிரிக்கும் வேலை இலக்கிய அமர்வில்தான் நடைபெறும்.

தேதி மறைத்த ஒருவர்

இனி, நாட்காட்டி மறைப்பதற்கு வருவோம். மேலே சொன்ன மூன்று படங்களுள் பாசமலருக்கும் கர்ணனுக்கும் இசை விசுவநாதன் ஒருவர் தந்தது அன்று. விசுவநாதன் – ராமமூர்த்தி இருவரும் சேர்ந்து தந்தது. திருச்சியைச் சேர்ந்த டி. கே. ராமமூர்த்தி வயலின் வல்லுநர். இருவரும் சி. ஆர். சுப்பராமனின் குழுவில் பணியாற்றியவர்கள். 1952இல் சுப்பராமன் மறைந்தார். அவ்வாண்டு வெளிவந்த பணம் படம் தொடங்கி, 1965இல் பிரியும் வரையில் இருவர் பெயரும் ஒன்றாகவே இருந்தன. பாவ மன்னிப்பு, பாசமலர், பாலும் பழமும் ஆகிய மூன்றும் 1961 என்னும் ஒரே ஆண்டில் வந்தவை; மூன்றும் இவ்விருவர் இசை, கண்ணதாசன் பாடல்.

ராமமூர்த்தி பிறந்தது 1922 மே 15. மறைந்தது 2013 ஏப்ரல் 17. அவர் ஜூன் 24இல் பிறக்கவில்லை என்பதைத் தவிர, அந்நாள் விழாக்களில் அவர் பெயர் மங்கிப்போவதற்கு வேறு நியாயம் எதுவும் நமக்குப் புலப்படவில்லை. இருவரைச் சேர்த்துக்காட்டும் தேதி, மூன்றாமவரை வெளியே நிறுத்திவிட்டது. தற்செயல் ஒற்றுமையை ஊழ் என்று கொண்டாடத் தொடங்கினால், உழைப்பு மறந்துபோகும். செட்டிநாட்டாரும் பாலக்காட்டாரும் திருச்சிக்காரரும் ஓர் அறையில் அமர்ந்து, ஒரு சொல்லுக்காகவும் ஒரு சுரத்துக்காகவும் உழைத்த நாட்கள் எந்த நாட்காட்டியிலும் இல்லை. விழா எடுக்கத் தகுந்தவை அந்நாட்களே.

இலக்கிய உலகின் கணக்கும் இத்தகையதே. 1980ஆம் ஆண்டுக்கான சாகித்திய அக்காதெமி விருது கண்ணதாசனுக்குக் கிடைத்தது. ஆனால் அது ‘சேரமான் காதலி’ என்னும் புதினத்துக்கு. பாடலாசிரியருக்கான தேசியத் திரைப்பட விருதை, 1968ஆம் ஆண்டின் ‘குழந்தைக்காக’ படத்துக்காக, முதன்முதலில் பெற்றவரும் அவரே. புதினம் ஒரு வாயிலிலும் பாட்டு வேறு வாயிலிலுமாக உள்ளே விடப்பட்டன. 1981 அக்டோபர் 17இல் அவர் சிகாகோவில் மறைந்தார். இன்று தமிழ் இல்லங்களில் முணுமுணுக்கப்படுவது அப்புதினமா, பாடல்களா என்று நாம் சொல்ல வேண்டுவதில்லை.

நம் பிள்ளைகளும் இப்பாடல்களும்

நம் பிள்ளைகள் இந்தியும் ஆங்கிலமும் படிக்கின்றனர். தமிழைப் பேசுகின்றனர், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறுகின்றனர். அவர்கள் காதில் முதலில் விழும் தமிழ்க் கவிதை குறளும் அன்று, சிலம்பும் அன்று. சமையற்கட்டில் தாய் பாடும் திரைப்பாடலே. அந்த வழியாகத்தான் அவர்கள் உள்ளே வருகின்றனர். “இது பொழுதுபோக்கு, இலக்கியம் அடுத்த அறையில் இருக்கிறது” என்று நாமே சொன்னால், அவர்கள் அந்த அடுத்த அறைக்கு வரவே போவதில்லை. கர்ணன் பாடலிலிருந்து வில்லிபாரதத்துக்கும், பாசமலர்த் தாலாட்டிலிருந்து நாட்டுப்புறப் பாடலுக்கும் வழிகாட்டுவது சங்கத்தின் கடமை என்பது நம் கருத்து.

இறுதியாக ஒன்று. நம் கூட்டங்கள் யாவும் தமிழ்த்தாய் வாழ்த்துடன் தொடங்குகின்றன. 1891இல் வெளிவந்த மனோன்மணீயத்தில் அதனைப் பாடிய சுந்தரம் பிள்ளை, ஆலப்புழையில் பிறந்து திருவனந்தபுரத்தில் பணியாற்றிய தமிழர். 1970இல் தமிழக அரசு அதனை ஏற்றபோது, மோகன இராகத்தில் மெட்டமைத்தவர் எலப்புள்ளியில் பிறந்த அதே விசுவநாதன். மெட்டுக்குச் சொல் வாங்கியவர், இங்கே சொல்லுக்கு மெட்டுத் தந்தார். அன்றைய கூட்டத்தில் நம் கேள்வியை இன்னிசை நிகழ்ச்சிக்கு அனுப்பிய பெரியவரும், சற்று முன்னர் அம்மெட்டுக்கு எழுந்து நின்றவர்தாம். நின்று வணங்கிய இசையை, அமர்ந்து ஆராய்வதில் என்ன குறை வந்துவிடும்? வரும் ஜூன் 24 அன்று இன்னிசை மாலை நடக்கட்டும். அதற்கு முன்னர் ஒரு மணி நேரம், பாடலை வரி வரியாகப் படிக்கும் அமர்வும் நடக்கட்டும். அன்று மேடையில் வைக்கும் படங்கள் இரண்டல்ல, மூன்றாக இருக்கட்டும்.