ராதையின் கோபம்

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் தஞ்சாவூரில் முத்துப்பழனி என்று ஒரு கவி இருந்தார். மராத்திய அரசர் பிரதாபசிம்மரின் சபையைச் சேர்ந்த தாசி. பெயரில் பழனி இருந்தாலும் எழுதியது தெலுங்கில். அந்தச் சபையில் தெலுங்குக் காவியத்துக்குத்தான் மவுசு. ஆண்டாளின் திருப்பாவையைத் தெலுங்கில் பாடினார். நான்கு பகுதிகளில் 584 பாடல்களாக 'ராதிகா சாந்த்வனம்' என்ற காவியத்தையும் செய்தார். திருப்பாவையை யாரும் தொடவில்லை. காவியத்தை மட்டும் ஆபாசம் என்று சென்னை சர்க்கார் தடை செய்தது. மார்கழி விடியலில் கண்ணனை நினைத்த அதே மனசுதான் இரவிலும் கண்ணனை நினைத்தது என்பது சர்க்காருக்குப் புரிந்திருக்க நியாயமில்லை. நம்மவர்களுக்கும் புரியாமல் போனதுதான் ஆச்சரியம்.

கதை சின்னது. ராதை தான் வளர்த்து ஆளாக்கிய இளாதேவியைக் கண்ணனுக்குக் கல்யாணம் செய்து வைக்கிறாள். பெண்ணுக்கும் புத்தி சொல்கிறாள், மாப்பிள்ளைக்கும் புத்தி சொல்கிறாள். எல்லாவற்றையும் தன் கையாலேயே செய்து முடித்த பிறகுதான், தான் எதைக் கொடுத்துவிட்டோம் என்று அவளுக்கு உறைக்கிறது. மனம் பொறுக்கவில்லை. கோபம் வருகிறது. கண்ணன் வந்து சமாதானம் செய்ய வேண்டியிருக்கிறது; 'சாந்த்வனம்' என்றால் அதுதான். சிருங்காரப் பிரபந்தத்துக்கென்றே ஏற்பட்ட வர்ணனைகள் இதிலும் நிறைய உண்டு. எனக்கு அவற்றில் பாதி அலுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் கொடுத்தவளே கொடுத்ததற்காகத் தவிக்கிறாளே, அந்த இடம் பெரிய நாவலாசிரியன் கை வைக்க வேண்டிய இடம். தன்னைத் தியாகி என்று நினைத்துக்கொண்டிருந்த ஒருத்தி, தான் தியாகி இல்லை என்று கண்டுகொள்கிறாள். இதை ஆபாசம் என்று ஒதுக்கினால் மனித மனத்தையே ஒதுக்க வேண்டியதுதான்.

ஒதுக்கியவர் சாமானியர் அல்ல. கந்துகூரி வீரேசலிங்கம் பந்துலு 1881-இல் ராஜமகேந்திரவரத்தில் விதவா விவாகம் நடத்திக் காட்டியவர். பெண்களுக்காக ஊரின் ஏச்சைச் சுமந்த மனிதர். தாசிகளின் ஆட்டத்தை எதிர்த்ததும் அந்த நல்லெண்ணத்தில்தான். தெலுங்குக் கவிகளின் சரித்திரம் எழுதியபோது முத்துப்பழனிக்குப் புலமை உண்டென்பதை அவரால் மறுக்க முடியவில்லை. ஆனால் ஒரு பெண் காதால் கேட்கவே கூடாததை இவள் வாயால் சொல்லிவிட்டாளே என்று சீறினார். தாசி என்பதால் வெட்கம் கெட்டவள் என்றும் தீர்மானித்துவிட்டார். நல்லவர்களின் கோபத்துக்கு அப்பீல் கிடையாது.

அப்பீல் செய்ய ஒருவர் வந்தார். பெங்களூர் நாகரத்தினம்மாள், சங்கீத வித்வாம்சினி, அவரும் தேவதாசி. முன்பே 1887-இல் வெளிவந்த அச்சுப் பிரதியில், முத்துப்பழனி தம் வம்சத்தைப் பற்றிச் சொன்னதும் சில பாடல்களும் விடுபட்டிருந்தன. சுவடியைத் தேடி எடுத்து, ஒப்பிட்டு, 1910-இல் வாவிள்ள ராமஸ்வாமி சாஸ்திருலு அச்சகத்தார் மூலம் முழு நூலையும் பிரசுரித்தார். முன்னுரையில் பந்துலுவை நேராகவே கேட்டார்: வெட்கம் என்பது பெண்களுக்கு மட்டும் உரியதா, ஆண்களுக்குக் கிடையாதா?

இதற்குப் பதில் வரவில்லை, போலீஸ்தான் வந்தது. ஜயதேவருடைய அஷ்டபதியில் கண்ணன் ராதையின் பாதத்தைத் தன் தலையில் வைக்கச் சொல்கிறான். பஜனை மடத்தில் பெரியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்கிறார்கள். சமஸ்கிருதமாக இருப்பது ஒரு சௌகரியம். எழுதியவர் ஆணாக இருப்பது இன்னொரு சௌகரியம். கிருஷ்ணதேவராயர் சபையில் நந்தி திம்மனா எழுதிய 'பாரிஜாதாபஹரண'த்தில் சத்தியபாமை கண்ணனைக் காலாலேயே உதைக்கிறாள். அதைப் பண்டிதர்கள் ரஸித்துப் பாடம் சொன்னார்கள்.

இந்த நூலுக்குப் பரிந்து பேச வருகிறவர்களிடம் எனக்குப் பந்துலுவிடம் இருப்பதைவிட அதிக மனஸ்தாபம் உண்டு. ராதை ஜீவாத்மா, கண்ணன் பரமாத்மா, மற்றதெல்லாம் தத்துவம் என்கிறார்கள். அப்படியானால் இளாதேவி யார்? அவளைக் கட்டிக்கொடுத்துவிட்டு ராதை படும் பொறாமை எந்த ஆத்மாவின் பொறாமை? பந்துலு அந்த நூலைப் படித்தார், அதில் இருப்பது அவர் கண்ணில் பட்டது, முகம் சுளித்தார். இவர்கள் படித்துவிட்டு, அதில் ஒன்றுமே இல்லை என்று சாதிக்கிறார்கள். கவிக்கு இரண்டாவதுதான் பெரிய அவமானம் என்பது என் அபிப்பிராயம்.

நாகரத்தினம்மாளுக்கு இந்தச் சால்ஜாப்பு எதுவும் தேவைப்படவில்லை. ராமபக்தரான தியாகராஜ சுவாமிக்குத் திருவையாற்றில் தம் சொந்தப் பணத்தைப் போட்டுச் சமாதிக் கோயில் எழுப்பியவரும் அவர்தான். பெண்கள் அங்கே பாடக்கூடாது என்றிருந்தபோது பெண்களைக் கூட்டிவந்து பாட வைத்தார். 'ராதிகா சாந்த்வன'த்தை அச்சிட்ட கையும் இந்தக் கையும் ஒன்று என்பதில் அவருக்குத் தர்மசங்கடம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

பிரகாசம் பந்துலு சென்னை ராஜதானியில் முதல் மந்திரியாக வந்த பிறகுதான் தடைக்கு முடிவு வந்தது. 1947-இல் புத்தகம் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது. பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டுவதை நிறுத்திய சட்டமும் அதே 1947-இல்தான் வந்தது. முத்துலட்சுமி ரெட்டி எத்தனையோ வருஷம் அதற்காகப் பாடுபட்டார். அந்தக் குழந்தைகளை நினைத்தால் சட்டம் வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. நாகரத்தினம்மாள் மட்டும் அதை ஆரம்பத்திலிருந்தே எதிர்த்தவர். தம் குலத்தில் காவியம் எழுதியவர்கள் இருந்தார்கள் என்பதை அவர் அறிவார். அதற்கு அத்தாட்சியான புத்தகம் பல வருஷங்களாகச் சர்க்கார் பூட்டில் இருந்தது. 1952-இல் அவர் காலமானார்.