ஜாவெரின் கடைசி அறிக்கை

1950 இல் வெளிவந்த 'ஏழை படும் பாடு' திரைப்படத்தில் பொலிஸ் இன்ஸ்பெக்டராக நடித்த சீதாராமனுக்கு அந்தப் பாத்திரத்தின் பெயரே கடைசிவரை ஒட்டிக்கொண்டது. ஜாவர் சீதாராமன் என்றால்தான் ஆளைத் தெரியும். விக்டர் ஹியூகோ 1862 இல் வெளியிட்ட நாவலைச் சுத்தானந்த பாரதியார் தமிழுக்குத் தந்தார். அதன் வழிவந்ததே படம். ஒரு பிரெஞ்சுப் பொலிஸ்காரனின் பெயர் தமிழ் வாயில் இவ்வளவு இலகுவாகப் புழங்கியதற்குக் காரணம், அந்த ஆளை நாம் ஏற்கெனவே அறிந்திருந்தமைதான். கச்சேரியிலும் தபாற்கந்தோரிலும் கண்ணாடிக்குப் பின்னால் அவனைக் கண்டிருக்கிறோம்.

ஆனால் அவனைச் சரியாகப் புரிந்துகொண்டோமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஈவிரக்கமற்றவன், சட்டத்தின் இயந்திரம் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். பயிற்சிக் கலாசாலையில் எனக்குக் கிடைத்த சுருக்கப் பதிப்பிலும் அவன் அப்படித்தான் இருந்தான். பிற்காலத்தில் முழு நாவலையும் வாசித்தபோது வேறொருவனைக் கண்டேன். மேயர் மதலேன்தான் பழைய கைதி ஜீன் வால்ஜீன் என்று மேலிடத்துக்கு எழுதியவன், வேறொருவன் வால்ஜீனாகப் பிடிபட்டதாக அறிந்ததும், மேயரிடமே வந்து, 'நான் பிழை செய்துவிட்டேன், என்னை வேலையிலிருந்து நீக்குங்கள்' என்கிறான். தனக்கு ஒரு சட்டம், பிறருக்கு ஒரு சட்டம் என்று அவன் வைக்கவில்லை. எத்தனை உத்தியோகத்தர்களைப் பற்றி இப்படிச் சொல்லமுடியும்?

நாவலின் மையம் என்று நான் கருதுவது ஃபான்டீன் கைதாகும் காட்சி. கனவான் ஒருவன் தெருவில் நின்ற அவளின் முதுகில் பனிக்கட்டியைப் போடுகிறான். அவள் அவன்மேல் பாய்கிறாள். ஜாவெர் அவளை இழுத்துச் சென்று ஆறு மாதச் சிறை என்கிறான். அவனது கணக்கு எளிமையானது: அடிபட்டவன் வாக்குரிமையும் மாடிவீடும் உள்ளவன், அடித்தவள் தெருப் பெண். விதி எல்லோருக்கும் ஒன்று என்று நினைக்கும் ஜாவெருக்கே தெரியாமல் அந்த மாடிவீடு அவனது தராசில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

மேயர் வந்து அவளை விடச் சொல்கிறார். இங்கே ஹியூகோ செய்வதைக் கூர்ந்து பார்க்கவேண்டும். மேயர் 'பாவம், விட்டுவிடு' என்பதோடு நிற்கவில்லை. குற்றவியல் நடைமுறைக் கோவையின் 9, 11, 15, 66 ஆம் பிரிவுகளைச் சொல்லி, இதில் தீர்ப்பளிப்பவன் நான் என்கிறார். அதற்கும் முன்னதாக, சதுக்கத்தில் நின்றவர்களிடம் நடந்ததை விசாரித்துவிட்டே வந்திருக்கிறார். ஆக இது சட்டத்துக்கும் இரக்கத்துக்குமான சண்டையன்று. இருவர் கையிலும் சட்டப் புத்தகம் உண்டு. ஒருவர் மட்டும் ஊராரிடம் கேட்டிருக்கிறார்.

'ஆளுக்கேற்றபடி நெகிழலாம் என்று விட்டால் உத்தியோகத்தர் சொந்தக்காரனுக்கல்லவா நெகிழ்வார்' என்று நம்மூர் ஆட்கள் கேட்பார்கள். நியாயமான பயம். மேயரை மகானாகப் படைத்த ஹியூகோ இந்தப் பயத்தைக் கவனிக்கவில்லை என்று முன்பு ஒரு வாசகர் வட்டத்தில் நானும் பேசியிருக்கிறேன். அது என் அவசர வாசிப்பு. ஃபான்டீனைத் தெருவுக்குத் தள்ளியது எது? அதே மேயரின் தொழிற்சாலை. பெண்கள் பகுதியின் மேற்பார்வைக்காரிக்கு அவர் முழு அதிகாரத்தையும் கொடுத்திருந்தார். ஃபான்டீனுக்குக் குழந்தை இருப்பதறிந்து, மேயரின் பெயரால் ஐம்பது பிராங்கைக் கொடுத்து, நன்மை செய்கிறோம் என்ற நம்பிக்கையோடு அவளை அனுப்பிவிட்டாள் அந்த அம்மாள். மேயருக்குச் செய்தியே தெரியாது. கேளாமல் பிரயோகித்த சுயபுத்தியும் ஜாவெரின் விதியும் ஒரே பெண்ணைத்தான் மிதித்தன.

இனி அந்தக் கடைசி அறிக்கை. 1832 ஜூன் கிளர்ச்சியில் தன்னைக் கொல்லாமல் விட்ட வால்ஜீனைக் கைதுசெய்யாமல் ஜாவெர் திரும்பிவிடுகிறான். சேன் ஆற்றில் குதிப்பதற்கு முன்னர் பொலிஸ் நிலையத்துக்குப் போய், சேவையின் நன்மைக்கான சில அவதானங்கள் என்று பத்து அம்சங்களை எழுதுகிறான். முதலாவது அம்சம், தலைமை அதிகாரி இதைப் பார்வையிட வேண்டும் என்ற வேண்டுகோள் மட்டுமே! அடுத்தது: விசாரணையிலிருந்து திரும்பும் கைதிகளைச் சோதனையிடும்போது சப்பாத்தைக் கழற்றிக் கற்றரையில் வெறுங்காலோடு நிறுத்துகிறார்கள்; பலருக்கு இருமல் பிடிக்கிறது; மருந்துச் செலவு கூடுகிறது. ஒரு சிறையில் காசு கொடுத்தாலும் கைதிக்குக் கதிரை இல்லை, காரணம் விளங்கவில்லை. நெசவுக் கூடத்தில் அறுந்த நூலொன்றுக்குப் பத்து சூ வெட்டுகிறார்கள், துணியோ அதனால் கெடுவதில்லை. இப்படிப் போகிறது. ஒரு காற்புள்ளிகூடத் தவறாமல் எழுதி, பதவியும் திகதியும் இட்டுக் கையொப்பம் வைக்கிறான்.

கதையை நகர்த்தாத பகுதி என்று இதைத் தாண்டிவிடுவது எளிது. எனக்கோ இந்த ஒரு பக்கத்துக்காகவே நாவல் எழுதப்பட்டதாகத் தோன்றும். அந்த வெறுங்கால்களை அவன் எத்தனை வருடமாகப் பார்த்திருக்கிறான்! இருமலைக் கேட்டிருக்கிறான். அவன் குருடனல்லன். பார்த்ததை நிரப்ப அவனது படிவத்தில் ஒரு நிரல் இருக்கவில்லை, அவ்வளவுதான். சாகப்போகும் நேரத்தில் இரக்கம் பீறிட்டபோதும், அது மருந்துச் செலவு என்ற கந்தோர்ப் பாஷையிலேயே வெளிவருகிறது.

இந்தப் பக்கத்தை என்னால் சும்மா கடக்கமுடியாமைக்கு ஒரு காரணம் உண்டு. 2005 ஆம் ஆண்டின் தொடக்கம். நான் புதிய ஆசிரியன். முதலாந்தர அனுமதி என் பொறுப்பு. சுனாமியில் வீட்டோடு பத்திரங்களையும் பறிகொடுத்த ஒரு தாய், மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். பிறப்புச் சாட்சிப் பத்திரம் இல்லாமல் எடுக்கமுடியாது என்றேன். இரண்டாம் முறையும் அதையே சொன்னேன். "தம்பி, ஒங்களுக்குத் தெரியாதா இவன் எப்ப பொறந்தெண்டு?" என்று கேட்டார். தெரியும். என் மூத்த ராத்தாவின் கலியாண இரவில் பிறந்தவன் அவன். எங்கள் வீட்டுப் பந்தலிலிருந்துதான் மருத்துவிச்சியை அழைத்துப் போனார்கள். "சுற்றுநிருபம் அப்படி ராத்தா" என்றேன். அதிபரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மூன்றாம் முறை அவர் வரவில்லை. மறுவருடம், தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு அவன் முதலாந்தரத்தில் வந்து உட்கார்ந்தான். இடாப்பில் அவன் பிறந்த திகதியை எழுதியதும் நான்தான். தாய் நீட்டிய பத்திரத்தை விரித்துப் பார்க்காமலே எழுதினேன்.