முன்னும் பின்னும் ஒரு நொடி

1981இல் வந்த ஹேய்ஸ் ஸ்மார்ட்மோடத்தின் கட்டளைகளில் எனக்கு மிகப் பிடித்தது மூன்று கூட்டல் குறிகள். தொலைபேசி வழியே எழுத்துகள் ஓடிக்கொண்டிருக்கும்போது, நடுவில் இருக்கும் மோடத்தை மட்டும் தனியே கூப்பிட அதுதான் வழி. யாரேனும் தம் கடிதத்திலேயே அந்தக் குறிகளை எழுதியிருந்தால்? அதற்காகத்தான் முன்னும் பின்னும் ஒரு நொடி மௌனம் வேண்டும் என்று வைத்தார்கள். கட்டளையில் பாதி அந்த மௌனம்தான். எவ்வளவு நுட்பமான யோசனை! பிறகு ‘ஏடிஹெச்’ என்று தட்டினால் இணைப்பு அறுந்துவிடும்.

1984இல் டாம் ஜென்னிங்ஸ் தொடங்கிய ஃபிடோநெட்டில் வீட்டுக் கணினிகள் இத்தகைய மோடங்கள் வழியே இரவில் ஒன்றையொன்று அழைத்துக் கடிதங்களை மாற்றிக்கொண்டன. மற்ற நேரங்களில் வெளியாட்கள் தம் கணினியிலிருந்து அவற்றை அழைத்து நுழையலாம்; பெரும்பாலும் ஒரே இணைப்பு, ஒரே விருந்தாளி. அவர் தட்டுவதெல்லாம் அந்தக் கணினியை நடத்தும் நிர்வாகியின் திரையில் தெரியும். பல மென்பொருள்களில் நிர்வாகி ஆல்ட்டையும் சியையும் சேர்த்து அழுத்தினால் போதும். முகம் தெரியாத அந்த விருந்தாளியோடு அப்போதே பேசத் தொடங்கலாம்.