நகைப்பெட்டியில் வந்த துப்பாக்கி

2012 டிசம்பர் 16 இரவு டெல்லியில், ஓடும் பேருந்தில் கூட்டு வல்லுறவுக்கு ஆளான மாணவி, பதின்மூன்று நாட்களில் உயிரிழந்தார். பாதிக்கப்பட்டவரின் பெயரைச் சொல்லச் சட்டம் அனுமதிக்காததால் ஊடகங்கள் அவரை ‘நிர்பயா’ என்றன. 2014 ஜனவரியில் கான்பூரின் அரசுப் படைக்கலத் தொழிற்சாலை பெண்களுக்கென்று ஒரு ரிவால்வரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பெயர் ‘நிர்பீக்’. இரண்டு சொல்லுக்கும் பொருள் ஒன்றுதான்: அச்சமற்ற.

இந்தத் துப்பாக்கியை ஒரு பிரதியாகவே நான் வாசிக்கிறேன். எடை சுமார் 500 கிராம், கைப்பையில் அடங்கும். நகைப்பெட்டி போன்ற அரக்குச் சிவப்புப் பெட்டியில் வைத்துத் தரப்பட்டது. 2014இல் அதன் விலை 1,22,360 ரூபாய். பெட்டியைப் பார்த்தாலே வாங்குபவர் யார் என்று தெரிந்துவிடுகிறது. பேருந்துக்குக் காத்து நிற்கும் பெண் அல்ல. காரில் போகும் பெண், அல்லது அவளுக்குப் பரிசளிக்கும் கணவன், தகப்பன். சீர்வரிசையில் இன்னொரு பொருள்.

காசு இருந்தாலும் போதாது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். அதற்குக் காவல்துறை விசாரித்து அறிக்கை தரவேண்டும். புகார் கொடுக்கவே காவல்நிலையப் படியேறத் தயங்கும் பெண், துப்பாக்கிக்கும் அதே படியைத்தான் ஏறவேண்டும்.

சரி, கையில் துப்பாக்கி இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். யாரை நோக்கி அதை நீட்டுவது? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில், வல்லுறவு வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் அப்பெண்ணுக்குத் தெரிந்தவரே. விளம்பரம் காட்டும் ஆபத்து இருட்டில் நிற்கும் அந்நியன். நம் அனுபவத்தில் ஆபத்துக்கு வீட்டுச் சாவி எங்கே இருக்கும் என்பதும் தெரியும். துப்பாக்கி இருக்கும் இடமும் தெரிந்திருக்கும்.

பெண்களும் கைத்துப்பாக்கி ஏந்தி நடமாடும் அமெரிக்கா என்ன சொல்கிறது? ஜாக்குலின் கேம்ப்பெல் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வின்படி, வன்முறை செய்யும் துணைவனுக்குத் துப்பாக்கி கிடைக்கும் நிலையில் பெண் கொல்லப்படும் அபாயம் ஐந்து மடங்கு கூடுகிறது. அங்கே தற்காப்பு என்ற சொல்லும் எல்லோருக்கும் ஒன்றல்ல. ஃபுளோரிடாவின் மரிசா அலெக்சாண்டர் என்ற கறுப்பினப் பெண், கணவனுடனான தகராறில் 2010இல் ஒரு குண்டு சுட்டார். யாருக்கும் காயமில்லை. அது எச்சரிக்கை என்றும், உயிருக்குப் பயந்தே சுட்டதாகவும் சொன்னார். 2012இல் கிடைத்தது 20 ஆண்டுச் சிறைத் தண்டனை. மேல்முறையீட்டில் அது ரத்தானபோதும், மூன்றாண்டுச் சிறைவாசம் போனது போனதுதான்.

ஆயுதம் கேட்கும் பெண்ணை நான் ஏளனம் செய்யமாட்டேன். அவள் அச்சம் உண்மை. தற்காப்பு உரிமையும் அவளுடையது. என் கோபமெல்லாம் அந்த அச்சத்துக்கு விலைச்சீட்டு ஒட்டிய அரசின் மீது. டெல்லியில் அன்று ஓடியது முறையான பயணிகள் சேவையில் இல்லாத பேருந்து. அது தடையில்லாமல் நகரைச் சுற்றியது. அதைத் தடுத்து நிறுத்துவது அந்த மாணவியின் வேலையா? இரவு ஒன்பது மணிக்கு நம்பி ஏறக்கூடிய பேருந்தைக் கேட்டோம். ரிவால்வரை நீட்டி, இனி உன் பாடு என்றார்கள்.