கனவும் பொதுவுணர்வும்

உயிர்கள் பலவென்றும், அவை தத்தம் வினைக்கேற்ற உடலும் கருவிகளும் உடையனவென்றும், முதல்வன் ஒருவனே அவ்வெல்லா உயிர்க்கும் உயிராய் நின்று உணர்த்துவானென்றும் கொள்வது சைவ சித்தாந்தத் துணிபு. இத்துணிபிற்கு மாறாக, உறங்குவார் பலரும் தம்முட் கலந்து நிற்றற்குரிய பொதுவுணர்வு ஒன்றுண்டு. கனவிலே அதன்கண் ஒருவர் கண்டதனை மற்றொருவரும் காண்பர் என்பாருளர். அவருட் சிலர் பெரியபுராணத்தையே தமக்குச் சான்றாகக் காட்டுவர். திருநின்றவூர்ப் பூசலார் மனத்தில் எடுத்த கோயில் காஞ்சியில் உறங்கிய காடவர்கோன் கனவிற் புலப்பட்டமை, இருவர் உள்ளமும் ஒன்றாகியமையாலன்றோ என்பது அவர் வினா. அது பொருந்துமா என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

இவ்வாராய்ச்சி நம் நகரத்தார்க்குப் புதிதன்று. பிரமஞான சபையார் தம் தலைமையிடத்தை 1882-ஆம் ஆண்டில் அடையாற்றிற்கு மாற்றிய பின்னர், உறங்குவார் சூக்கும தேகத்தோடு வெளிப்போந்து பிறரோடு அளவளாவுவர் என்னும் கொள்கை லெட்பீட்டர் முதலியோர் நூல்களால் ஈண்டுப் பரவிற்று. பின்னர் யூங் என்னும் சுவிட்சர்லாந்து மருத்துவர் கூறிய கூட்டு நனவிலிக் கொள்கையும் இதனோடு சேர்த்துப் பேசப்படலாயிற்று. இவ்விரண்டும் ஒன்றல்ல. யூங் கூறியது மக்கள் மனத்தில் வழிவழியாக அமைந்து கிடக்கும் பொதுவான வடிவங்களையே. பலர்க்கும் ஒருங்கே விளங்கும் ஓர் உணர்வினையன்று. நனவிலி எனப்பட்டதனை உணர்வென்று கொண்டு வாதஞ் செய்தல் அவர் கருத்திற்கும் மாறாம்.

இவர்க்கெல்லாம் முன்னரே இவ்வாராய்ச்சியில் நுழைந்தவர் பௌத்த ஆசிரியராகிய வசுபந்து. புறப்பொருளே இல்லையென்ற அவர், பலர்க்கும் ஒரு காட்சி ஒருங்கே தோன்றுதல் எங்ஙனமென்னும் வினாவிற்கு, பிரேதங்கள் ஒத்த வினையுடைமையான் ஆற்றைச் சீழாறாகக் காணுமாறு போல என்று தம் விம்சதிகையில் விடை கூறினார். புறப்பொருளை மறுத்த அவரும் உணர்வின் தொடர்ச்சி ஆள்தோறும் வேறென்றே கொண்டார், ஒன்றென்றாரல்லர். யோகாசாரர் கொள்கையைச் சிவஞான சித்தியார் பரபக்கம் மறுத்துரைக்கும். ஆயினும், காட்சி ஒத்தலால் காண்பான் ஒருவனாதல் வேண்டுமென்னும் நியதியில்லை என்பது அவர்க்கும் உடன்பாடாதல் ஈண்டுக் கருதற்பாலது.

இனிப் பூசலார் வரலாற்றினை நோக்குவாம். காடவர்கோன் கச்சியிற் கற்றளி எடுத்து நிலைநிறுத்த நாள் குறித்தான். அந்நாளின் முன்னிரவில் இறைவன் அவன் கனவில் எழுந்தருளி, நின்றவூர்ப் பூசல் நெடுநாள் நினைந்து செய்த ஆலயத்துள் நாளை யாம் புகுவேம். நின் செயலைப் பின்னர் வைத்துக்கொள்க என்று அருளிச்செய்தான். அரசன் நின்றவூரடைந்து, பூசல் எடுத்த கோயில் எப்பாலதென்று வினாவினான். ஊரவர் அங்ஙனம் ஒரு கோயில் இல்லை என்றனர். பின்னர்ப் பூசலாரையே கண்டு கேட்டபின்னரன்றோ அது மனக்கோயிலென்பது அவனுக்கு விளங்கிற்று? இருவர் உணர்வும் ஒன்றாயிருப்பின், அடித்தளம் முதல் சிகரம் ஈறாகப் பூசலார் உள்ளத்து எழுந்த கோயிலை அரசன் கனவிலேயே கண்டிருப்பான். கல்லுஞ் சுதையுமாய கோயிலைத் தேடி ஊர்ப்புறத்தே வினாவியிரான். பூசலாரும், தம் உள்ளத்துள்ளது பிறர்க்குத் தெரிந்தவாறென்னென்று மருண்டிரார். மேலும், அவர் அவ்விரவிற் கனவு கண்டாரென்று சேக்கிழார் கூறிற்றிலர். கனவு கண்டார் ஒருவரே. ஆகவே அரசன் பெற்றது ஒரு கட்டளையேயன்றிப் பூசலார் உள்ளத்தின் காட்சியன்று.

இதனினும் தெளிவாயது திருவொற்றியூர் வரலாறு. இறைவன் சங்கிலியார் கனவில் எழுந்தருளி, நம்பியாரூரர் பிரியேனெனச் சூளுறுவர் என்றான். நம்பியாரூரரிடத்தும் சூளுறுக என்றான். அவரோ, யான் சூளுறும்போது தேவரீர் சந்நிதி விடுத்து மகிழின்கீழ் இருத்தல் வேண்டுமென்று வேண்டிக்கொண்டார். இறைவன் அதற்கும் இசைந்து, மீண்டும் சங்கிலியார்பாற் சென்று, சூளுறவை மகிழின்கீழ்க் கொள்க என்று அறிவித்தான். மறுநாட் காலையிற் சங்கிலியாரின் சேடியர் அதனைக் கூறக் கேட்டபின்னரே, தம் சூழ்ச்சி வெளிப்பட்டதென்பது ஆரூரர்க்குத் தெரிந்தது. ஓரிரவில் ஒருவனே இருவர்க்கும் அறிவுறுத்தியும், ஒருவர் அறிந்ததனை மற்றவர் அறிந்திலர். பொதுவுணர்வு உண்டாயின் ஆரூரர் அகப்பட்டிருப்பாரோ? ஒற்றியூரில் ஆண்டுதோறும் மாசித் திருவிழாவில் நிகழும் மகிழடி சேவையைக் கண்டு தொழும் அன்பர்கள் இதனைச் சிந்திப்பாராக.

திருவாரூரிற் கண்ணில்லாது குளங்கல்லிய தண்டியடிகளுக்குக் கனவில் அருளியது ஆறுதல். சோழனுக்கு அவன் கனவில் அருளியது ஏவல். சோழனும் அடிகளை அடைந்தே நிகழ்ந்தன யாவும் கேட்டறிந்தான். திருநாளைப்போவார்க்கு ஒன்றும், தில்லைவாழந்தணர்க்கு வேறொன்றும் அவரவர் கனவில் உணர்த்தப்பட்டன. யாண்டும் உணர்த்துவோன் ஒருவன், உணர்வோர் பலர், உணர்த்தப்பட்டது அவரவர் செயற்கு வேண்டுமளவே.

இது நூன்முறையானும் இயையும். நனவில் உயிர் புருவநடுவில் நின்று 35 கருவிகளோடு தொழிற்படும். கனவில் அறிகருவி ஐந்தும் தொழிற்கருவி ஐந்தும் ஒழிய, கண்டத்தில் 25 கருவிகளோடு நிற்கும். அங்ஙனம் நிற்கும் அந்தக்கரணம் நான்கும் அவ்வுயிர்க்கு மாயையினின்றும் அமைந்த தனிக்கருவிகளேயாம். ஐம்பொறி ஒடுங்கியவழியும் அறிவது ஒன்று உண்மையைச் சிவஞானபோதம் மூன்றாஞ் சூத்திரம் உயிருண்மைக்கு ஏதுவாகக் கூறும். அவ்வேது உடலின் வேறாய உயிரை நிறுவுமேயன்றி, உயிர்கள் ஒன்றாதலை நிறுவாது.

அற்றேல், கனவுகள் பலர்க்கும் ஒத்திருத்தல் என்னையெனின், ஒரு மண்ணினாய குடங்கள் ஒத்திருத்தல் போல, ஒரு மாயையினாய கருவிகளின் ஒப்புமையே அதுவென்க. யூங் கூறிய பொதுவடிவங்களுக்கும் இவ்வளவே இடனுண்டு. இறைவன் எல்லா உயிரிலும் வேறறக் கலந்து நிற்றலின் அவனே பொதுவுணர்வாகானோ எனின், ஞாயிற்றின் ஒளி எல்லாக் கண்களுக்கும் பொதுவாயினும், ஒரு கண் கண்டது மற்றொரு கண்ணிற்குக் காட்சியாகாமை காண்க.

இக்காலத்து ஆய்வுகளும் இதனைக் கடந்து சென்றில. ஒருவர் நினைந்த படம் உறங்குவார் கனவிற் செல்லுமாவென்று நியூயார்க்கிலுள்ள மைமோனிடிசு மருத்துவமனையில் 1960-ஆம் ஆண்டுகளில் ஆராய்ந்தனர். அங்குக் கண்டதாகச் சொல்லப்பட்டது பிறர் செய்த சோதனைகளில் உறுதிப்படவில்லை. 2021-ஆம் ஆண்டில் அமெரிக்கா, பிரான்சு, செருமனி, நெதர்லாந்து என்னும் நான்கு நாட்டு ஆய்வாளரும், தாம் கனவு காண்பதைக் கனவிலேயே அறிந்தாரிடம் எட்டில் ஆறு போக எஞ்சுவது யாதென்பது போன்ற எளிய வினாக்களை வினாவி, கண்ணசைவு முதலியவற்றால் விடை பெற்றனர். நனவுங் கனவும் விரவும் நிலை நம் நூல்களுக்குப் புதிதன்று. அங்கும் புறத்துநின்று ஒருவர் அறிவிக்க மற்றவர் அறிந்தாரேயன்றி, இருவர் கனவு ஒன்றாயிற்றில்லை.

இவ்வாராய்ச்சியாற் பயன் என்னையெனின், கனவும் வினைநுகர்ச்சிக்கு இடனாதலின், அது பொதுவாயின் ஒருவன் வினையைப் பிறனொருவன் நுகர்தல் வேண்டும். ஒருவன் கட்டு நீங்க எல்லாரும் நீங்குதல் வேண்டும். அப்போது செய்தவனுக்குப் பொறுப்பும் இல்லை. அருளுக்கு வேலையும் இல்லை. உள்ளங்கள் தாமே கலக்குமாயின், காடவர்கோனிடத்து இறைவன் எழுந்தருள வேண்டியதென்னை?

மயிலையில் வாயிலார் நாயனாரும் மறவாமையால் அமைத்த மனக்கோயிலில், அறிவை விளக்காகவும் ஆனந்தத்தைத் திருமஞ்சனமாகவும் அன்பைத் திருவமுதாகவும் கொண்டு வழிபட்டார். அவர் பொருட்டு எவ்வரசன் கனவும் நிகழ்ந்ததாகப் புராணங் கூறவில்லை. ஒருவர் பூசை உலகறியப்பட்டது. மற்றொருவர் பூசை இறைவனளவில் நின்றது. இரண்டையும் அறிந்தவன் அவன் ஒருவனே. உயிரின் உள்ளத்துள்ளதனைப் பிறர்க்கு உணர்த்துதலும் உணர்த்தாமையும் அவன் அருளின்பாலன என்பது தேறிக் கொள்க.