யாரிடம் சொல்லி அழுவது?

துணையை இழந்தவர்களைக் குறிக்கத் தொல்காப்பியப் புறத்திணையியல் இரண்டு துறைப்பெயர்களைத் தருகிறது. மனைவியை இழந்த ஆணின் நிலை தபுதார நிலை. கணவனை இழந்த பெண்ணின் நிலை தாபத நிலை. தபுதல் என்றால் இறத்தல். தாரம் என்றால் மனைவி. ஆணுக்கு நேர்ந்த இழப்பைச் சொல்லிவிட்டு அந்தப் பெயர் நின்றுவிடுகிறது. தாபதமோ தவத்தைக் குறிக்கும் சொல். பெண்ணுக்கு என்ன நேர்ந்தது என்பதைத் தாண்டி, இனி அவள் எப்படி வாழ வேண்டும் என்பதை அது விதித்துவிடுகிறது. அவள் அழுது முடிப்பதற்குள் நோன்பு தொடங்கிவிடுகிறது.

புறநானூற்றின் 246ஆம் பாடலை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். பாடியவர் பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு. கணவனின் சிதையில் ஏறப்போகும் அவரைச் சான்றோர் தடுக்கிறார்கள். அவரோ அவர்களுடைய எண்ணமே பொல்லாதது என்று சாடுகிறார். கற்பின் உச்சம் என்று இப்பாடலை உரைகளும் வகுப்பறைகளும் கொண்டாடிவந்திருக்கின்றன. ஆனால் பாட்டில் விரிவாகச் சொல்லப்படுவது கைம்பெண்ணின் உணவும் படுக்கையும். நெய் படாத சோறு, எள் துவையல், புளி சேர்த்த வேளைக்கீரை, பாய்கூட விரிக்காத பருக்கைக்கல் தரை. சாக வேண்டாம் என்பவர்கள் அவருக்கென்று எடுத்துவைத்திருக்கும் வாழ்க்கை இதுதான். தீயில் இறங்குவதை எந்த வாசிப்பாலும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் அவருடைய குற்றச்சாட்டு நியாயமானது: வாழச் சொல்கிறீர்களே, வாழ்வதற்கு எதை மிச்சம் வைத்தீர்கள்?

பெருங்கோப்பெண்டுக்குச் சாடுவதற்காவது ஆட்கள் இருந்தார்கள். வன்பரணர் பாடிய 255ஆம் பாடலின் பெண்ணுக்கு அதுவும் இல்லை. காட்டு வழியில் கணவன் இறந்துகிடக்கிறான். வாய்விட்டு அழுதால் புலி வருமோ என்ற பயம். தூக்கிச் செல்லலாம் என்றால் உடம்பில் வலுவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்து வா, மலை நிழலுக்குப் போய்விடலாம் என்று இறந்தவனையே கெஞ்சுகிறாள். துணைக்கு ஆளில்லாத துக்கம் பிணத்தோடு பேசுகிறது.

அடுத்த பாடலான 256இல் ஒருத்தி குயவரிடம் பேசுகிறாள். வண்டியின் ஆரக்காலில் ஒட்டிய பல்லிபோல அவள் கணவனோடு பல காடுகளைக் கடந்து வந்தவள். தாழியைத் தனக்கும் இடம் இருக்கும்படி அகலமாக வனையச் சொல்கிறாள். இதை நடத்தி முடித்ததும் ஒரு மாணவி என்னிடம் கேட்டாள்: "அந்தக் குயவர் என்ன சொன்னார், மேடம்?" குயவருக்குப் பாட்டில் ஒரு சொல்கூட இல்லை. அவளும் சாவைத்தான் கேட்கிறாள். ஆனாலும் அதை ஓர் உயிருள்ள மனிதரிடம் சொல்கிறாள். அவருக்குப் பதில் சொல்ல இன்னும் நேரம் இருக்கிறது. மாணவியின் கேள்வி என்னோடு தங்கிவிட்டது இதனால்தான்.

பதில் சொல்லும் மரபு ஒன்று நம் பெண்களிடம் உண்டு. ஒப்பாரியில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, தோளில் கைபோட்டு, ஒருத்தி விட்ட இடத்தில் இன்னொருத்தி எடுத்து அழுகிறார்கள். இழவுக்கு வந்தவள் செத்துப்போன தன் அம்மாவையும் சேர்த்து அழுவாள். வந்த இடத்தில் சொந்தக் கதை பாடுகிறாள் என்று ஆண்கள் கேலி செய்வதுண்டு. எனக்கு அதுதான் ஒப்பாரியின் உயிராகத் தெரிகிறது. "தைரியமாயிரு" என்று மேலே நின்று சொல்லாமல், "எனக்கும் போச்சுடி" என்று பக்கத்தில் உட்காரும் ஆறுதல் அது.

அதற்காக அந்த வட்டத்தைப் புனிதமாக்கவும் முடியாது. பல ஊர்களில் அதே கைகள்தான் கருமாதியன்று வளையலை உடைக்கின்றன, பூவையும் பொட்டையும் எடுக்கின்றன. கட்டிக்கொண்டு அழுதவளே மறுமாதம் வளைகாப்புக்கு அவளை அழைக்காமல் விடுகிறாள். உறவுமுறை சொல்ல முடியாதவளுக்கு அந்த வட்டத்தில் இடமும் கிடையாது. விவாகரத்தான கணவன் இறந்தால் அவள் எங்கே போய் அழுவாள்? காதலனை இழந்தவளுக்கும், தோழியோடு வாழ்ந்து அவளை இழந்தவளுக்கும் யார் தோள் கொடுப்பார்கள்?

வட்டத்தை வைத்துக்கொண்டு வளையல் உடைப்பதை நிறுத்துவோம் என்பதே என் வாதம். பதினாறாம் நாளுக்குப் பிறகு பந்தல் பிரித்த வீட்டில் யாரும் இருப்பதில்லை. மூன்றாம் மாதம் போக வேண்டும். இறந்தவர் பெயரைச் சொல்லிப் பேசவிட வேண்டும். சொன்னதையே திரும்பச் சொன்னாலும் கேட்க வேண்டும். இறப்புச் சான்றிதழுக்கும் வங்கிக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் கூடவே நடக்க வேண்டும். அடுத்த கல்யாண வீட்டில் அவளை முன்வரிசையில் உட்காரவைக்க வேண்டும்.

பெருங்கோப்பெண்டு சான்றோரிடம் கேட்டதற்குப் பெண்களாகிய நாம் சொல்லக்கூடிய பதில் இவ்வளவுதான். இதை அவர் காலத்தில் யாரும் சொல்லவில்லை.